பழைய சாமான் விற்க மதுரையில் எந்த வழி தேவலை? வாசல் விற்பனையிலிருந்து பாத்திரக் கடை வரை

நேராகவே சொல்லிவிடுகிறேன், வீட்டுச் சாமானை மொத்தமாக ஒரே ஆளிடம் தள்ளிவிடாதீர்கள். "எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன், ஒரு விலை சொல்லுங்கக்கா" என்று வருகிறவர் பீரோவுக்கும் பித்தளைக்கும் மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வார். கட்டில், தையல் மெஷின், மின்விசிறி, புத்தகம் எல்லாம் அவருக்குச் சும்மா வந்த கணக்கு. சோழவந்தானில் இருக்கும் அம்மா வீட்டை வாடகைக்கு விடுவது என்று முடிவாகி, அம்மாவை எங்களோடு பைபாஸ் ரோடு குடியிருப்புக்குக் கூட்டி வந்தபோது அந்த வீட்டுச் சாமான் முழுவதையும் பிரிக்க வேண்டி வந்தது. அம்மா, நான், மதினி மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்து வேறு வேறு இடங்களில் விற்றோம். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தும் தளத்தில் நடந்த வாசல் விற்பனை, பாத்திரக் கடை, எடைக்கு எடுக்கும் கடை, இணைய விளம்பரம், மரச்சாமான் வியாபாரி என்று எல்லா வழியையும் பார்த்தாயிற்று. எந்தப் பொருளுக்கு எது தேவலை என்று எழுதுகிறேன், வீடு மாறுகிறவர்களுக்கும் பெற்றோர் வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கும் உதவும்.

பிரிக்கும்போது எங்களுக்கு இருந்த கணக்கு ஒன்றுதான். ஓடுகிற பொருளை அதைப் பயன்படுத்தப் போகிற ஆளுக்கு விற்க வேண்டும், ஓடாததை எடைக்குப் போட வேண்டும். ஆனால் பரணிலிருந்து இறங்குகிற சாமானில் பாதி ஓடுமா ஓடாதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் மின்சாரச் சாமான் அத்தனையையும் பிளக்கில் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். சீலிங் ஃபேன்கள் எல்லாம் கண்டன்சர் மாற்றியதும் சுற்றின. கண்டன்சர் விலை சொற்பம்தான், அதை மாற்றாமல் எடைக்குப் போட்டால் கிடைப்பதும் சொற்பம், மாற்றிவிட்டு ஃபேனாக விற்றால் அதைப் போலப் பல மடங்கு கிடைக்கிறது. வாங்குகிறவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னோம்: பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போது வருகிற பி.எல்.டி.சி. வகை 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும், நாள் முழுக்க ஓடுகிற இடத்துக்கு இதை வாங்காதீர்கள் என்று. கோழிக்கொட்டகைக்கு ஒருவர், வாடகைக்கு விடும் மாடி அறைக்கு ஒருவர் என்று விவரம் தெரிந்தே வாங்கிப் போனார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லாத் திட்டத்தில் வந்த மிக்ஸியும் கிரைண்டரும் இருந்தன, அரசாங்கம் கொடுத்ததைக் காசாக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, சோழவந்தான் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வந்த அக்காவுக்கே கொடுத்துவிட்டோம். அது சரியான முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது.

இப்போது வாசல் விற்பனை. போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கம் நடத்தியது. வீட்டுக்கு ஒரு மேசை, சிறு தொகை கட்டணம், காலை 7 மணியிலிருந்து மதியம் வரை. நேரம் தேர்ந்தெடுத்த விதத்துக்கே பாராட்ட வேண்டும், ஏனென்றால் போகிக்கு எல்லோரும் வீட்டை ஒதுங்க வைக்கிற சமயம் அது, இல்லாவிட்டால் தெருவில் எரிந்து புகையாகப் போகிற பாய், தலையணை, பிளாஸ்டிக் எல்லாம் அந்த வாரம்தான் வெளியே வரும். அதில் எரிக்க வேண்டாதது எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம். மார்கழி என்பதால் சிலர் தயங்கினார்கள். ஒரு அம்மா கட்டிலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "தை பிறக்கட்டும்மா, மார்கழியில கட்டில் வீட்டுக்குள்ள கொண்டு போக மாட்டேன்" என்று 100 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார், பொங்கல் கழிந்து மகனோடு வந்து மீதியைக் கொடுத்து ஏற்றிக்கொண்டார். அதுவரை கட்டிலை வைத்திருக்க இடம் கொடுத்தது சங்கம்தான், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

அந்த விற்பனையில் எது போனது, எது நின்றது என்பதைச் சொன்னால்தான் அடுத்து மேசை போடுகிறவர்களுக்குப் பிரயோஜனம். முதலில் போனது தண்ணீர் டிரம். மூடியோடு இருந்த நீல டிரம்கள் மேசைக்கு வரும் முன்பே விலையாகிவிட்டன, மதுரையில் தண்ணீர் பிடித்து வைக்கிற பாத்திரத்துக்கு எந்தக் காலத்திலும் ஆள் உண்டு. அப்புறம் எவர்சில்வர் தூக்குவாளி, டிபன் கேரியர், இட்லிப் பானை, குழந்தை சைக்கிள், இஸ்திரிப் பெட்டி, மடக்கு நாற்காலி. நடைபழகும் வாக்கரும் கமோடு நாற்காலியும் அப்பாவுக்கு வாங்கியவை, அவர் போனபின் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். இதையெல்லாம் வெளியே வைக்கலாமா என்று மதினி தயங்கினார். ஆனால் அதைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டிடத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார், மாமனாருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து அடுத்த நாள் வீட்டுக்கு வருகிறார், கடையில் புதிதாக வாங்கப் போய்க்கொண்டிருந்தேன் என்றார். அம்மா காசு வாங்கவில்லை. "உங்க மாமா நல்லா நடந்ததும் இன்னொருத்தருக்குக் குடுத்துருங்க தம்பி" என்று சொல்லி, வாக்கரின் காலில் ரப்பர் தேய்ந்திருப்பதையும் அதை மாற்றாமல் டைல்ஸ் தரையில் ஊன்றக் கூடாது என்பதையும் காட்டிக் கொடுத்தார். உங்கள் வீட்டில் வாக்கர், சக்கர நாற்காலி, மடக்குக் கட்டில், நெபுலைசர் இருந்தால் தயவுசெய்து பரணில் போடாதீர்கள், தேவைப்படுகிறவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். நெபுலைசர் என்றால் முகமூடியையும் குழாயையும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லி மெஷினை மட்டும் கொடுங்கள்.

நின்றது எது என்றால், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் செட்டுகள், சுவர்க் கடிகாரங்கள், ஷோகேஸ் பொம்மை, பரிசுக் கோப்பை, பிளைவுட் கம்ப்யூட்டர் மேசை. இதெல்லாம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, யாருக்கும் வேண்டாம். பிளைவுட் அடிப்பக்கம் ஈரத்தில் ஒரு முறை உப்பினால் அதோடு சரி, அதற்கு விலை எழுதி ஒட்டுவது வீண் வேலை. பெட்டி மாதிரி பின்பக்கம் பெருத்த பழைய டிவியை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

விலை விஷயத்தில், புதுப் பொருள் இன்றைக்கு என்ன விலையோ அதில் மூன்றில் ஒரு பங்கை எழுதி ஒட்டினோம், பேரம் பேசிக் கால் பங்குக்கு வந்தால் கொடுத்தோம். விலை ஒட்டாத பொருளை யாரும் கேட்பதில்லை, கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள், கேட்டால் வாங்கித்தான் ஆக வேண்டுமோ என்ற கூச்சம். கரண்டி, வடிகட்டி, டப்பா, சாவிக்கொத்து மாதிரி சில்லறைச் சாமானை ஒரே தொட்டியில் கொட்டி 'எதை எடுத்தாலும் 10 ரூபாய்' என்று எழுதி வைத்ததில் அந்தத் தொட்டி மதியத்துக்குள் காலி.

குறை என்று பார்த்தால் இரண்டு. காலையில் கதவு திறக்கும் முன்பே பழைய சாமான் வியாபாரிகள் உள்ளே வந்து நல்ல பொருளை எல்லாம் கையில் எடுத்துக்கொண்டு ஒரு விலை சொல்கிறார்கள். அவர்கள் பிழைப்பு அது, நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முதல் ஒரு மணி நேரம் குடியிருப்புக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் என்று சங்கம் ஒதுக்கியிருக்க வேண்டும். இன்னொன்று சில்லறை. எல்லோரும் ஜிபே என்று வந்தாலும் வயதானவர்களும் வீட்டு வேலைக்கு வருகிற அக்காக்களும் ரூபாய் நோட்டோடுதான் வருகிறார்கள், 200 ரூபாய் நோட்டுக்கு மிச்சம் கொடுக்க மேசை மேசையாக ஓட வேண்டியிருந்தது. இந்த இரண்டைத் தவிர, ஓடுகிற பொருளுக்கு மதுரையில் இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

பாத்திரத்துக்கு வாசல் விற்பனை வேண்டாம். எவர்சில்வரை அங்கே விற்கலாம், பித்தளை, செம்பு, வெண்கலத்தைப் பாத்திரக் கடைக்குத்தான் கொண்டு போக வேண்டும். விளக்குத்தூண் சுற்று வட்டாரத்திலும் மாசி வீதிகளிலும் பழையதை எடுத்துக்கொண்டு புதியது கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, புதுமண்டபத்துக்குள் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். போவதற்கு முன்னால் வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துக்கொண்டு போங்கள். இது ரொம்ப முக்கியம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. துத்தநாகம் செம்பைவிட மலிவு, வெள்ளீயம் செம்பைவிட விலை கூட. ஆகவே வெண்கல உருளியையும் வெண்கலக் கும்பாவையும் பித்தளைக் குவியலோடு தராசில் ஏற்றினால் நஷ்டம் உங்களுக்குத்தான். சந்தேகம் என்றால் பாத்திரத்தை விரல் நுனியில் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள், பித்தளை சட்டென்று அடங்கிவிடும், வெண்கலம் நின்று ஒலிக்கும். பொன்னிறம் பூசிய இரும்பு விளக்குகளும் பித்தளைக் கும்பலில் கலந்திருக்கும், ஒரு காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ஈயச் சொம்பை யாரும் அலுமினியம் என்று நினைத்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரசம் வைக்கிற அசல் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, 232 டிகிரியில் உருகிவிடும், அதனால்தான் தண்ணீரோ ரசமோ இல்லாமல் அடுப்பில் வைத்தால் ஒழுகிப் போகிறது. விற்றால் நல்ல விலை. நாங்கள் விற்கவில்லை, அது இன்றைக்கும் எங்கள் அடுப்பில் ஏறுகிறது.

கடையில் இரண்டு விலை கேளுங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன, மாற்றிக்கொண்டால் என்ன என்று. மாற்றினால் கிலோவுக்குக் கூடுதலாகப் போடுகிறார்கள், ஆனால் அந்தக் கூடுதல் புதுப் பாத்திரத்தின் விலையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதே பாத்திரத்தைச் சும்மா வாங்க வந்தவராக இருந்தால் என்ன விலை சொல்வார்கள் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எங்களுக்குப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை, ரொக்கம்தான் வாங்கினோம். நாங்கள் போன கடையில் எடை போட்டவர் நியாயமான மனுஷர். இரும்புக் கைப்பிடியைக் கழற்றித் தனியாக வைத்தார், அடியில் பிடித்திருந்த கரிக்குக் கொஞ்சம் கழித்தார், எவ்வளவு கழிக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் கழித்தார். எடைக்குப் போடுகிற பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து மினுக்க வேண்டியதே இல்லை என்றும் அவரே சொன்னார், பாத்திரமாகவே வாங்க ஆள் இருந்தால் மட்டும் தேய்த்தால் போதும்.

இதில் அம்மாவோடு அதிக நேரம் பேசியது பெயர் வெட்டிய பாத்திரங்களைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் செய்முறை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும், வீடு குடிபுகுந்தாலும் காதுகுத்து வைத்தாலும் பாத்திரம் வரும், அதில் கொடுத்தவர் பெயரும் ஊரும் வெட்டியிருக்கும். பெரிய அண்டா ஒன்றின் கழுத்துக்குக் கீழே ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து, தேய்த்துத் தேய்த்துப் பாதி மழுங்கியிருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, விரலால் தடவித்தான் படித்தார், முதலெழுத்து, பெயர், அப்புறம் 'சோழவந்தான்', அப்புறம் '1971'. அம்மாவின் தாய்மாமன் கொண்டு வந்த சீர். அதை எடுத்து இந்தப் பக்கம் வைத்துவிட்டார், மேலே பேச்சில்லை. மற்றதை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தோம். உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் கொடுத்ததை வாசல் விற்பனையில் வைக்கவே கூடாது, அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மனவருத்தம். சிலரிடம் போனில் கேட்டோம். "சின்னத்தா, நீங்க குடுத்த தவலை இருக்கு, உங்க பேத்திக்கு வேணுமா?" என்று கேட்டதும் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார், ஆட்டோ பிடித்து வந்து வாங்கிப் போனார். கொடுத்தவர்கள் இல்லை, வாரிசுகளுக்கும் வேண்டாம் என்றானவை மட்டும் கடைக்குப் போயின. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், ஆனால் பாத்திரத்தைத் தராசில் ஏற்றும்போது அம்மா முகத்தில் கலக்கம் இல்லாமல் இருந்தது இதனால்தான்.

குத்துவிளக்கு, அரிவாள்மனை, முறம், உப்பு ஜாடி, அம்மி இதெல்லாம் எங்கள் வீட்டில் காசுக்கு வெளியே போகாது, வெள்ளி செவ்வாயில் எதுவுமே போகாது. நம்பிக்கை இல்லாதவர்களும் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை மதித்துத்தான் நாள் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்ற காசு ராசியில்லை என்று ஆண்டுக்கணக்கில் கேட்க வேண்டியிருக்கும். ஆட்டுக்கல்லும் உரலும் மட்டும் தோட்டத்தில் கிடந்தன, தூக்க ஆள் கூலியே அதன் விலைக்கு மேல் ஆகும் என்பதால், தோப்பு வீடு கட்டுகிற ஒருவரிடம் 'இருக்கிற இடத்தில், நீங்களே எடுத்துக்கொள்கிறதாக' விலை பேசினோம். கொத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னோம், கொத்தாத ஆட்டுக்கல்லில் மாவு அரைபடாது.

எடைக்கு எடுக்கும் கடையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கோபம்தான் வருகிறது. பெயர் வேண்டாம். முதலில் போன கடையில் கொக்கித் தராசில் தூக்கிக் காட்டினார்கள், முள் நிற்கும் முன்பே கீழே இறக்கிவிட்டார்கள். கையோடு கொண்டு போயிருந்த, பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மாட்டச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, பாட்டிலோடு சேர்த்தால் கொஞ்சம் கூட வர வேண்டும். அங்கே முள் 800ஐத் தாண்டவில்லை. அப்படியே மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனோம். அந்தக் கடையில் எலெக்ட்ரானிக் தராசு, பாட்டில் சரியாகக் காட்டியது, பேப்பர், அட்டை, இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலை பலகையில் எழுதியிருந்தது. தராசில் முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, சந்தேகம் இருந்தால் அங்கே புகார் கொடுக்கலாம். வீட்டுக்கு வண்டி தள்ளி வருகிற அண்ணன்மார்களிடமும் இதே பாட்டிலைக் கொண்டு போய்ச் சிரித்த முகத்தோடு நிறுக்கச் சொல்லுங்கள், நேர்மையானவர் கோபப்பட மாட்டார்.

பேப்பர் மூட்டையைக் கட்டும் முன் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். எங்கள் மூட்டையில் அப்பாவின் ஆதார் நகல், பாஸ்புக், ஓய்வூதியக் காகிதம், கையெழுத்துப் போட்ட காசோலைத் தாள் எல்லாம் வந்தன. இதெல்லாம் வடை மடிக்கிற தாளாக யார் கைக்கோ போகக் கூடாது, கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வெளியே போட்டோம். பள்ளிப் புத்தகத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாடத்திட்டம் 2018-19லும் 2019-20லும் மாறியது, அதற்கு முந்தினது எடைக்குத்தான், ஆனால் புதிய பாடத்திட்டத்தின் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள தமிழ், வரலாறு, அறிவியல் புத்தகங்களை டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற பிள்ளைகள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அண்ணன் மகளின் புத்தகங்களை அப்படித்தான் வாசல் விற்பனையில் ஒரு பெண் கட்டாகத் தூக்கிப் போனாள், அவளிடம் பாதி விலைதான் வாங்கினோம், படிக்கிற பிள்ளை.

இணைய விளம்பரம் தையல் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் வேலை செய்தது, மற்றதற்கு வெட்டிப் பேச்சுத்தான். காலால் மிதிக்கிற பழைய உஷா மெஷின், வார்ப்பிரும்புக் காலோடு, படம் போட்ட அன்றே கேட்டு வந்துவிட்டார்கள். தைக்க ஒருவர், காலை மட்டும் எடுத்து மேசையாக்க ஒருவர். கூடக் கொடுக்கத் தயாராக இருந்தது மேசைக்காரர், அம்மா கொடுத்தது தைக்கிறவருக்கு. ஆனால் ஃபிரிட்ஜுக்கு வந்த போன்களில் ஒருத்தன், தான் வேறு ஊரில் வேலையில் இருப்பதாகவும், முழுப் பணத்தையும் இப்போதே அனுப்புவதாகவும், கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கில் ஏறிவிடும் என்றும் சொன்னான். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், பின் நம்பர் போட்டால் பணம் போகத்தான் செய்யும். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஃபிரிட்ஜை நேரில் வந்து ஐஸ் பிடிக்கிறதா என்று பார்த்தவருக்கே கொடுத்தோம்.

மரச்சாமானுக்கு அவசரப்படாதீர்கள். தேக்குக் கட்டில், ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி, பழைய நிலைக்கதவு இதெல்லாம் இருந்தால் முதலில் தெரிந்த ஆசாரியைக் கூட்டி வந்து என்ன மரம் என்று பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் தகும். எங்கள் வீட்டில் எல்லோரும் வேங்கை என்று சொல்லிக்கொண்டிருந்த பெஞ்சைச் சிறிது சீவிப் பார்த்து, முகர்ந்து, தேக்கு என்றார் ஆசாரி. அப்புறம்தான் விலை பேசினோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்தவை. அங்கே ஒரு நாள் போய் நம் வீட்டில் இருப்பது போன்ற பொருளுக்கு என்ன விலை எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தால் மதுரையில் யாரும் நம்மை அடித்துப் பேச முடியாது. கடைக்காரர் விற்கிற விலை நமக்குக் கிடைக்காது, ஆனால் தோராயக் கணக்கு ஒன்று மனதில் நிற்கும்.

பூசை அறையில் பழைய உலோகச் சிலையோ, பெட்டியில் ஓலைச்சுவடியோ இருந்தால் அதை எந்த விற்பனையிலும் வைக்காதீர்கள். 1972இல் வந்த தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள், சுவடி என்றால் 75 வருஷமே போதும். வாங்கி விற்கிறவருக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. வீட்டு வைத்தியச் சுவடி எத்தனையோ போகியில் எரிந்திருக்கிறது என்று நினைத்தாலே வயிறு எரிகிறது, விவரம் தெரிந்தவரிடம் காட்டிப் படிக்க வைக்க வேண்டும்.

விற்கவே கூடாத வேறு சிலவும் உண்டு. காஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் நம்முடையவை அல்ல, முன்பணம் கட்டி வாங்கி வைத்திருக்கிறோம், இணைப்பு எடுத்தபோது கொடுத்த எஸ்.வி. தாளோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால் முன்பணம் திரும்ப வரும். அடுப்பை விற்றாலும் ரப்பர் குழாயை விற்காதீர்கள், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றியாக வேண்டும். பழைய குக்கரை விற்பதென்றால் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் புதிதாகப் போட்டுவிட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பதை மட்டும் விற்க வேண்டும், மூடி நெளிந்தது எடைக்குத்தான். ஒரு முறை விழுந்த ஹெல்மெட், பழைய பஞ்சு மெத்தை, தலையணை இவற்றையும் விற்கக் கூடாது, காசுக்காக இன்னொருவர் தலைக்கும் உடம்புக்கும் கெடுதல் வர விடக் கூடாது. பெட்டி டிவியின் கண்ணாடிக்குள் காரீயம் இருக்கிறது, உடைத்துத் தாமிரக் கம்பியை உருவிவிட்டு மிச்சத்தைக் கண்மாய்க் கரையில் கொட்டுகிறவர்களிடம் அதைக் கொடுக்காதீர்கள், மின்கழிவு எடுக்க அனுமதி உள்ள இடத்தில் சேருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை எந்தப் பேட்டரிக் கடையும் புதியது வாங்கும்போது விலை கழித்து எடுத்துக்கொள்ளும், எடைக்கடையைவிட அதுதான் லாபம், பாதுகாப்பும்.

ஸ்பானர், திருப்புளி, பழைய மோட்டார், பல்லு தேய்ந்த ரம்பம் என்று அப்பாவின் மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதை மட்டும் திலகர் திடல், தமிழ்ச் சங்கம் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருள் வாங்கி விற்கிற ஒருவருக்குக் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு ஸ்பானரையும் எடுத்து அளவு பார்த்து, பிரித்து, இதற்கு இவ்வளவு என்று சொன்னார், பெட்டியோடு தூக்கி எடைக்குக் கேட்கவில்லை. தொழில் சாமான் இருக்கிறவர்கள் அந்த வழியை யோசிக்கலாம், ஆனால் பேரம் பேசத் தெரிந்த ஆள் கூடப் போக வேண்டும்.

கடைசியாக வண்டி. சோழவந்தானிலிருந்து பைபாஸ் ரோடு வரை குட்டியானை வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி மூன்றும் சேர்ந்தால் சில பொருளின் விலையையே தின்றுவிடும். பீரோவை அதனால் சோழவந்தானிலேயே, வாங்குகிறவரே எடுத்துக்கொள்கிற பேச்சில் விற்றோம். விற்கும் முன் உள்ளே இருக்கிற ரகசிய அறையைத் திறந்து கையை விட்டுத் துழாவிப் பாருங்கள், சாவி தொலைந்திருந்தால் பூட்டுக்காரரை வரவழைத்தாவது திறந்து பார்த்துவிடுங்கள். எங்கள் பீரோவில் வீட்டுப் பத்திரத்தின் பழைய நகலும், அம்மாவின் கல்யாணப் பத்திரிகையும், மஞ்சள் துணியில் முடிந்த கொஞ்சம் காசும் இருந்தன.